கிழக்குப் பக்கம் தொங்கவிட்ட சட்டை

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். நீ இருக்கிற வெளிநாட்டில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டதாகவும், நவம்பரில் ஆபீஸ் நண்பனோடு காட்டுக்குப் போகப் போவதாகவும் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். வாசனையே இல்லாத சோப்பு, துணிமேல் அடிக்கிற ஸ்ப்ரே, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு பொடி டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். "போட்டுக் கழட்டின ஒரு சட்டை போதும்ப்பா, அந்த வாசனைக்கே மான் ஓடிடும்" என்றாய். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு உயிரைக் கொல்லப் போகிறேன் என்று அப்பாவுக்குக் கோபமா என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை. அந்தத் தகுதி எனக்குக் கிடையாது. அதே பேச்சின் ஆரம்பத்தில் நீ இன்னொன்றும் சொன்னாய். தை மாதம் உன் கல்யாணத்தில் மேடையில் உன் பக்கத்தில் சித்தப்பா நிற்க வேண்டும் என்றாய். அவர் ஏன் நம் வீட்டு விசேஷம் எதிலும் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை என்றும் கேட்டாய். நான் எழுந்து போனதற்கும் உன் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு சித்தப்பா மேடைக்கு வருவது உனக்குப் பெரிதாகத் தெரியுமா, நான் மேடையில் நிற்பது உனக்குச் சம்மதமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ டப்பாவில் வாங்கிவைத்திருக்கும் அத்தனையும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் நான் மான் பிடித்தேன். லைசென்ஸ் எல்லாம் இல்லை. அன்றைக்கும் அது குற்றம்தான், எங்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஊரப்பாக்கத்துக்கு மேற்கே இன்றைக்கு அடுக்குமாடி அடுக்குமாடியாக நிற்கிறதே, அதைத் தாண்டினால் அப்போது முள்ளுக்காடு, அதற்கு அப்பால் காப்புக்காடு. புள்ளிமான் கூட்டம் கூட்டமாகத் திரியும். என்னோடு ஃபாக்டரியில் வேலை பார்த்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து வலை கட்டிப் பிடிப்போம். வயிற்றுக்கு இல்லாமல் செய்தோம் என்று சொன்னால் பொய். நம் வீட்டில் அப்போது நெல் விளைந்துகொண்டிருந்தது, எனக்கு மாதச் சம்பளமும் இருந்தது. இளவட்டத் திமிர், வேறொன்றும் இல்லை. மானை ஏமாற்றிவிட்டோம் என்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது கறியைவிட ருசியாக இருக்கும். உன் முகத்தில் அன்றைக்கு அதைப் பார்த்தேன். இன்னும் காட்டுக்கே போகவில்லை, அதற்குள் உனக்கு அது வந்துவிட்டது.

மானுக்குக் கண் அவ்வளவு போதாது. அசையாமல் நின்றால் உன்னை ஒரு மரம் என்று நினைத்துக்கொள்ளும். காதையும் ஓரளவு ஏமாற்றலாம். மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. அதனால் வேட்டைக்கு நான்கு நாள் முன்பிருந்தே நான் சோப்பு போட மாட்டேன், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன், பவுடர் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. ஏரித் தண்ணீரில் முழுகிவிட்டு வந்து, நொச்சித் தழையைக் கசக்கி உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்வேன். நான் ஏதோ கோயிலுக்கு விரதம் இருக்கிறேன் என்று என் அம்மா நினைத்துக்கொண்டாள். பிள்ளை விரதம் இருக்கும்போது தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று அவளும் ஒரு வேளை பட்டினி கிடந்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். எந்தச் சாமிக்கு என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

காற்றைப் பார்க்க எங்களுக்கு எருக்கம் பஞ்சு. காய்ந்து வெடித்த எருக்கங்காயிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து விரலிடுக்கிலிருந்து விட்டால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நம் வாசனையும் போகிறது. நம் பக்கத்தில் கோடையில் காலையெல்லாம் மேற்குக் காற்று, அனலாக அடிக்கும். இரண்டு மணி வாக்கில் கிழக்கிலிருந்து கடல் காற்று வந்து அதைத் தள்ளிவிடும். எங்கள் வேலையெல்லாம் அந்தக் கடல் காற்றை நம்பித்தான். மேற்கே வலையைக் கட்டிவிட்டு வாசனை இல்லாமல் பதுங்கி உட்காருவோம். மான் நடுவில் மேயும். கிழக்கே, காற்று வருகிற பக்கம், புதரில் ஒரு சட்டையைத் தொங்கவிடுவோம். அது துவைத்த சட்டையாக இருக்கக் கூடாது. வேர்வை, எண்ணெய், பவுடர் எல்லாம் ஊறி மனுஷ நாற்றம் குப்பென்று அடிக்க வேண்டும். காற்று அந்த நாற்றத்தைக் கொண்டுபோய் மானின் மூக்கில் சேர்க்கும். அங்கே ஆள் இருப்பதாக நினைத்து அது மேற்கே நகரும், நேராக வலைக்கு வரும். நாங்கள் மூன்றே பேர். நான்காவது ஆளின் வேலையை அந்தச் சட்டை செய்தது.

வழக்கமாக ஃபாக்டரியில் போட்ட என் காக்கிச் சட்டையைத்தான் கொண்டுபோவேன். அன்றைக்குப் பார்த்து அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். நானோ நான்கு நாளாக நாற்றத்தை எல்லாம் உடம்பிலிருந்து உரித்து எடுத்துவிட்டு நிற்கிறேன். என் சட்டை எதிலும் ஆள் வாசனையே இல்லை. கொடியில் உன் சித்தப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை கிடந்தது. முந்தின நாள் ஏரிக்கரை மைதானத்தில் கபடி ஆடிவிட்டு வந்து போட்டிருந்தான். எடுத்து முகர்ந்து பார்த்தேன், இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று பையில் திணித்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாலுகா ஆபீஸ் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டு உத்தரவுக்காகக் காத்திருந்தான். ஊரில் யார் மான் கறி கொடுத்தாலும் தொட மாட்டான். நான் வேட்டைக்குப் போவது அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பான். எனக்கு அடுத்த மாதம் உன் அம்மாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அன்று ஒரு பெட்டை மான் வலையில் விழுந்தது. அது உதைத்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பீடி வாசனை வந்தது. எங்கள் மூவரில் யாரும் நான்கு நாளாகப் பீடி தொடவில்லை. காற்று கிழக்கிலிருந்து வருகிறது, அப்படியானால் கிழக்கே ஆள் இருக்கிறது. காட்டிலாகா ஆட்கள். அவர்களுக்கு எங்கள் வாசனை வராது, எங்களுக்கு அவர்கள் வாசனை வந்துவிட்டது. மானுக்குக் கிடைக்காத எச்சரிக்கை எனக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள். வலை, மான் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மேற்கே விழுந்தடித்து ஓடினோம். சுற்றிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் சட்டை ஞாபகம் வந்தது. எவன் அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு எங்களைக் கண்டுபிடிக்கப் போகிறான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

சட்டையின் கழுத்துப்பட்டையில் தாம்பரம் மார்க்கெட் டெய்லரின் துணிச் சீட்டு இருந்தது. உள்பக்கம் நம் வீட்டுக்கென்று சலவைக்காரர் போட்ட மசிக்குறி இருந்தது. மறுநாள் பகலில் நான் ஷிஃப்டில் இருந்தபோது காட்டிலாகா ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். சட்டையை விரித்துக் காட்டி இது யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். காணாமல் போன சட்டை கிடைத்துவிட்டது என்று அம்மா சந்தோஷமாக, என் சின்ன மகனுடையது என்று சொல்லியிருக்கிறாள். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நல்ல வேளை, நீயாவது இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போவாம கீறே" என்றாள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அது நான்தான் என்று சொல்லிவிட்டு செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பி ரேஞ்சர் ஆபீஸுக்கு நடந்திருக்க வேண்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்று நினைத்தேன். முதல் நாள் நினைத்தது அதுதான். இரண்டாம் நாள், நேற்றே சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷமாக அந்த இரண்டாம் நாளிலேயே இருந்துவிட்டேன்.

உன் சித்தப்பா பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்து என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான். கேஸ் ஆறு வருஷம் இழுத்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. ஆனால் கேஸ் இருக்கிறது என்று தெரிந்தவுடனேயே கிளார்க் வேலை போய்விட்டது, கேஸ் முடிந்தபோது வயது வரம்பும் தாண்டிவிட்டது. பிறகு அனகாபுத்தூர் பக்கம் ஒரு தோல் பதனிடுகிற இடத்தில் சேர்ந்து, அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டான். அந்த வேலையின் நாற்றம் குளித்தாலும் போகாது. உனக்கு நான்கு வயது இருக்கும், ஒரு பொங்கலுக்கு வந்தவன் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, சித்தப்பா நாறுகிறார் என்று இறங்கி ஓடினாய். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். குழந்தை சொன்னதில் தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன் யார் என்றுதான் நீ பார்க்க வேண்டும். அந்த வருஷத்திலிருந்துதான் அவன் வந்த கையோடு கிளம்பிப் போக ஆரம்பித்தான். அவனுக்கு உன்மேல் வருத்தம் கிடையாது. உன் பரீட்சை மார்க்கை உன்னைவிடச் சரியாக ஞாபகம் வைத்திருப்பான்.

அவனுக்கு ஒரு நண்பன் இருந்தான். கோபால் என்று பெயர், நம் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி. இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே அளவு உடம்பு, ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு போவது சகஜம். கேஸுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். கோபால் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் இறந்தான். துக்கத்துக்கு நான் போய்விட்டு வந்தேன், மாலைகூடப் போட்டேன். அந்தக் கூட்டத்தில் உன் சித்தப்பா இல்லை.

நீ வீடியோவில் பேசிய அந்த வாரம் வியாழக்கிழமை நான் அனகாபுத்தூர் போனேன். முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், போய்ச் சொல்லிவிட்டு வா என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், அதற்குமேல் என்னோடு பேச்சில்லை. உன் சித்தப்பா வீட்டில் தனியாக இருந்தான். ஆற்றுத் தண்ணீர் ஏறிய வருஷத்தில் ஊறிப்போன கட்டிலுக்குப் பதிலாக இப்போதும் ஒரு பெஞ்சுதான். அதில் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தான். உன் கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, பெண் வீட்டார் எந்த ஊர், மண்டபம் எங்கே என்று ஆசையாக விசாரித்தான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நொச்சித் தழையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பறிபோன கிளார்க் வேலையைப் பற்றிக் கேட்பான், பன்னிரண்டு நாளைப் பற்றிக் கேட்பான், அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் அதில் எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்போ கோபாலு எடுக்கலியா?"

இல்லை என்றேன்.

"அவன் சாவுக்குக்கூட நான் போவல" என்றான்.

முப்பத்து மூன்று வருஷமாக அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒருமுறைகூட. அண்ணன் அப்படிச் செய்வான் என்று அவன் புத்தியில் தோன்றவே இல்லை. தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் உள்ளவன் ஒருவன்தான், அவன் கோபால் என்று முடிவு கட்டிவிட்டான். கோபால் வந்து சத்தியம் செய்தபோது முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கிறான். என் திருட்டுத்தனத்துக்கு ஒரு ஆள் பலி என்று நினைத்துக்கொண்டு நான் போனேன். இரண்டு பேர் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது ஆளிடம் சொல்ல இனி வழியில்லை.

கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வா, கோபால் பெண்டாட்டியிடம் நீயே உன் வாயால் சொல்லு என்றான். போன ஞாயிற்றுக்கிழமை சிக்னல் அருகே அவன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து கோபால் வீட்டுக்கு ஒன்றாக நடந்தோம். அந்த அம்மா எங்களை உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரில் நின்றாள். நான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. சுவரில் கோபாலின் படம் இருந்தது. அந்த அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை, உன் சித்தப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கடைசி வரிக்கும் சொல்லிகினே இருந்தாருண்ணா. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து கேட்டான்னா நம்பிடுவான், ஆனா உக்கார மாட்டேன்றானேன்னு."

உன் சித்தப்பா எழுந்துபோய் அந்தப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தான். அறுபது வயதை நெருங்குகிற மனுஷன் வாய்விட்டு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை, அதற்கு எனக்கு முகமில்லை.

உன் வேட்டையைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று நீ எதிர்பார்ப்பாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. உனக்கு லைசென்ஸ் இருக்கிறது, என்னிடம் அதுகூட இல்லை. போனால் காற்றை மட்டும் பார்க்காதே, உன்னோடு வருகிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இரு. ஏதாவது தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே, உன் பெயரைச் சொல்லிவிடு. ஒரு ராத்திரி தாண்டினால் அது வேறு விஷயமாகிவிடும். வேட்டைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. குடித்தனம் நடத்தப் போகிறாய், அங்கேயும் இதேதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், உன் சித்தப்பா சொன்னான்: "புள்ள கல்யாணத்துக்கு வரேன். மேடையிலயும் நிக்கறேன். உன் வூட்டு வாசப்படிய மட்டும் இனிமே மிதிக்க மாட்டேன்." அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

ஆகவே அவன் வருவான். உனக்காக வருவான். உன் பக்கத்தில் அவனை நிறுத்திக்கொள். இன்னொரு பக்கம் நான் நிற்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல், கீழே முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நல்ல நாளில் எல்லோரும் மனம் இளகி இருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைக்க மட்டும் பார்க்காதே. பிள்ளை முகத்துக்காக அவன் சரி என்று சொல்லிவிடுவான், அப்படி ஒரு மன்னிப்பை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. எனக்கும் வயதாகிறது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அவனுக்குத் தகவல் மட்டும் சொல், வற்புறுத்திக் கூப்பிடாதே. அவன் வராமல் போகலாம். கூட்டத்தில் யாராவது, கூடப் பிறந்தவன் சாவுக்குக்கூட வரவில்லையே, என்ன மனுஷன் என்று பேசினால், அப்போது நீ வாயை மூடிக்கொண்டு நிற்காதே. ஏன் வரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லு.

அப்பா